ஒரே நுரை, மூன்று இலாகா: டான் கில்டீயால் முடிந்ததும் முடியாமல் போனதும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஹூரான் ஏரியை ஒட்டி ஆஸ்கோடா என்று ஒரு சிற்றூர். ஊருக்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்ன ஏரி, பெயர் வான் எட்டன். காற்று ஓங்கி அடிக்கும் நாட்களில் அந்த ஏரிக்கரையில் நுரை ஒதுங்கும். ஏரியிலும் ஆற்றிலும் நுரை வருவது எங்கேயும் உள்ளதுதான். இலைதழை மட்கி வரும் இயற்கையான நுரை சற்றுப் பழுப்பாக இருக்கும், மண் வாடையோ மீன் வாடையோ அடிக்கும். ஆஸ்கோடாவில் ஒதுங்குவது வேறு. வெள்ளை வெளேரென்று, பிசுபிசுப்பாக, கரையோரம் குவிந்து நிற்கும். தொடாதீர்கள், பட்டுவிட்டால் உடனே கழுவிக்கொள்ளுங்கள், குழந்தைகளையும் நாய்களையும் அண்டவிடாதீர்கள் என்பது மாநிலச் சுகாதாரத் துறையின் அறிவுரை.

இந்த நுரையின் மூலம், ஏரிக்கு அடுத்தாற்போல் இருக்கும் வர்ட்ஸ்மித் விமானப்படைத் தளம். பனிப்போர்க் காலத்தில் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் நின்ற இடம். 1993இல் மூடிவிட்டார்கள். விமானங்கள் போய்விட்டன, வீரர்களும் போய்விட்டார்கள். தீயணைப்புப் பயிற்சிக்காகப் பல ஆண்டுகள் மண்ணில் ஊற்றிய நுரைமருந்து மட்டும் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரோடு நகர்ந்து, சதுப்பு நிலத்துக்கும் ஏரிக்கும் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது.

இதை யாருடைய பிரச்சினை என்று சொல்வது? நீர் கெட்டுப்போனதால் சுற்றுச்சூழல் துறையுடையது. தீயணைப்பு வீரர் கையில் பிடித்த மருந்து என்பதால் பொதுப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. தளத்தில் வேலை செய்து அந்தத் தண்ணீரைக் குடித்தவர் இன்று முன்னாள் படைவீரர், அவருடைய சிகிச்சையைப் பார்ப்பது வேறொரு துறை. மூன்றுக்கும் தனித்தனி அமைச்சகம், தனித்தனி நாடாளுமன்றக் குழு, தனித்தனி நிதி. ஆஸ்கோடாவையும் அதற்குத் தெற்கே பிளின்ட் நகரத்தையும் உள்ளடக்கிய தொகுதியிலிருந்து 2013 முதல் பிரதிநிதிகள் சபையில் இருந்த டான் கில்டீ என்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினருக்கு இந்த மூன்று வாசலையும் தட்டுவதே பெரும்பகுதி வேலையாகிப் போனது. எந்த வாசல் திறந்தது, எது கடைசிவரை திறக்கவில்லை என்று பார்த்தால், ஒரு நாடாளுமன்ற உறுப்பினரால் என்ன முடியும் என்பது ஓரளவு புரியும். முன்னாள் படைவீரர்கள் ஏன் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள் என்பதும் புரியும்.

கில்டீ பிளின்ட்காரர். 18 வயதிலேயே அந்நகரப் பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அப்புறம் பல ஆண்டுகள் பிளின்ட் அடங்கிய ஜெனசி கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) பொருளாளர். கார் ஆலைகள் மூடி மக்கள் வெளியேறியபோது பாழடைந்த வீடுகளை அரசே எடுத்துச் சீரமைக்கும் நில வங்கியை அங்கே உருவாக்கினார். 36 ஆண்டுகள் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த அவருடைய சித்தப்பா டேல் கில்டீ ஓய்வுபெற, 2012 தேர்தலில் அந்த இடத்துக்கு இவர் வந்தார். வந்த இரண்டாம் ஆண்டிலேயே சொந்த ஊரின் குழாயில் ஈயம் வந்தது.

பிளின்ட் கதை உலகுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் இங்கே ஒரு பகுதியைச் சொல்லியாக வேண்டும். 2014 ஏப்ரலில், மாநில அரசு நியமித்த அவசரகால நிர்வாகியின் பொறுப்பில் நகரம் இருந்தபோது, செலவைக் குறைக்கவென்று டெட்ராய்ட்டிலிருந்து வந்த நீரை நிறுத்திவிட்டு பிளின்ட் ஆற்று நீரைக் குழாயில் விட்டார்கள். பழைய ஈயக் குழாய்கள் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. அந்த அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ், தன் இன்ஜின் ஆலையில் உதிரி பாகங்கள் அரிக்கின்றன என்று அந்தத் தண்ணீரை வேண்டாமென்று சொல்லி வேறு இணைப்புக்கு மாறிக்கொண்டது. இன்ஜினுக்கு ஒத்துக்கொள்ளாத நீரை மக்கள் அதற்குப் பிறகும் ஓராண்டு குடித்தார்கள். 2015 செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை எண்களோடு வெளியே வைத்தார். அக்டோபரில் பழைய நீருக்குத் திரும்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் பரவிய லெஜியோனேர்ஸ் நிமோனியாவில் குறைந்தது 12 பேர் இறந்திருந்தார்கள்.

கோளாறைக் கண்டுபிடித்தவர்கள் தாய்மார்களும் ஒரு மருத்துவரும் வர்ஜீனியாவிலிருந்து வந்த நீர்ப் பொறியாளர்களும். எந்த உறுப்பினரும் கண்டுபிடிக்கவில்லை, கில்டீயும் சேர்த்து. ஆனால் கூட்டாட்சி அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் இருந்த ஒரு அலுவலர் 2015 ஜூனிலேயே, பிளின்ட்டில் அரிப்புத் தடுப்பு மருந்து இல்லை என்று உள்குறிப்பு எழுதியிருந்தார். அது மேசையிலேயே தங்கிவிட்டது. மக்களிடம் சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு இல்லை, மாநிலத்துக்குத்தான் என்ற நிலையில் முகமை இருந்தது.

கில்டீ கை வைத்தது இந்த இடத்தில். ஈயம் வரம்பை மீறினால், மாநிலமும் நகரமும் வாய் திறக்காவிட்டாலும், முகமையே 24 மணி நேரத்துக்குள் மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு மசோதா. மிச்சிகனின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஃபிரெட் அப்டனைச் சேர்த்துக்கொண்டார். 2016 பிப்ரவரி 10 அன்று சபையில் 416 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. கட்சிச் சண்டை உச்சத்தில் இருந்த ஆண்டில் இப்படி ஒரு வாக்கு அபூர்வம். அப்படியும் மேலவையான செனட்டில் அது தனியாக நகரவில்லை. பத்து மாதம் கழித்து, டிசம்பரில், நாடு முழுவதற்குமான ஒரு பெரிய நீர்க் கட்டமைப்புச் சட்டத்தின் உள்ளே ஒரு பிரிவாக நுழைந்துதான் சட்டமானது.

பணத்தின் கதையும் இதேதான். பிளின்ட் குடும்பங்களுக்காக 76.5 கோடி டாலர் கேட்டு ஒரு மசோதா கொண்டுவந்தார். அது எங்கும் போகவில்லை. செப்டம்பர் கடைசியில், பக்கத்துத் தொகுதியின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜான் மூலெனாருடன் சேர்ந்து, பெரிய நீர் மசோதாவில் ஒரு திருத்தம் வைத்தார். 284க்கு 141 என்று நிறைவேறியது. முடிவில் பிளின்ட்டுக்கு வந்தது 10 கோடி டாலர், கூடவே ஈயம் பாதித்தவர்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனிக்க ஒரு பதிவேட்டுக்கான நிதி. கேட்டதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. அதிபர் அவசரநிலை அறிவித்தது ஜனவரியில், பணத்துக்குச் சட்டம் வந்தது டிசம்பரில். குடிநீருக்காக ஒரு நகரம் பதினொரு மாதம் வாஷிங்டனைப் பார்த்துக் காத்திருந்தது என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனாலும் கில்டீ அங்கே ஒன்றைக் கற்றுக்கொண்டார் என்று தோன்றுகிறது. தன் பெயரில் ஓடும் மசோதா செத்துப்போகும். யாராலும் நிறுத்த முடியாத பெரிய மசோதாவின் வயிற்றுக்குள் வைத்த ஒரு பிரிவு பிழைக்கும்.

இந்தப் பாடம்தான் நுரை விஷயத்தில் கைகொடுத்தது. அதற்கு முன் அந்த நுரை எப்படி வந்தது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் அது யாரோ வேண்டுமென்றே கொட்டிய நஞ்சு இல்லை. உயிரைக் காப்பாற்ற வந்த மருந்து.

1967 ஜூலை 29. வியட்நாம் போருக்காக டோங்கின் வளைகுடாவில் நின்ற ஃபாரஸ்டல் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில், ஒரு போர் விமானத்திலிருந்து ராக்கெட் தானாகப் பாய்ந்து எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் தொட்டியைக் கிழித்தது. எரிபொருள் தளம் முழுக்கப் பரவித் தீப்பிடித்தது. சுமார் ஒன்றரை நிமிடத்தில் முதல் குண்டு வெடித்தது. பயிற்சி பெற்ற தீயணைப்புக் குழுவில் பெரும்பாலானோர் அதிலேயே போய்விட்டார்கள். மிச்சமிருந்த மாலுமிகள் கைக்குக் கிடைத்த குழாயைப் பிடித்தார்கள். ஒரு பக்கம் சிலர் நுரை அடிக்க, மறுபக்கம் சிலர் கடல்நீரைப் பாய்ச்சி அந்த நுரையையே அடித்துக்கொண்டு போனார்கள். இறந்தவர்கள் 134 பேர்.

எரிபொருள் தீயை நீரால் அணைக்க முடியாது. நீரைவிட எரிபொருள் லேசானது, நீர் அடியில் இறங்க, தீ மேலே மிதந்துகொண்டே பரவும். அமெரிக்கக் கடற்படை ஆய்வகமும் 3எம் நிறுவனமும் 1960களில் உருவாக்கிய புது நுரைமருந்து இதைத் தலைகீழாக்கியது. அதில் கலந்திருந்த ஃபுளோரின் சேர்மங்கள் நீரின் மேற்பரப்பு இழுவிசையை அவ்வளவு தூரம் குறைத்துவிட்டதால், நீர் ஒரு மெல்லிய படலமாக எரிபொருளின் மேலேயே பரவி மூடிக்கொண்டது. காற்று அடைபட்டது, ஆவி அடங்கியது, தீ சில நொடிகளில் அணைந்தது. ஃபாரஸ்டல் விபத்துக்குப் பிறகு கப்பல்களும் விமானத் தளங்களும், பின்னாடியே பொது விமான நிலையங்களும் இதற்கு மாறின. எத்தனை பேர் இதனால் உயிர் பிழைத்திருப்பார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது.

அதன் பலமே அதன் கேடு. கார்பனும் ஃபுளோரினும் சேர்ந்த பிணைப்பு வேதியியலில் மிக உறுதியானவற்றில் ஒன்று. வெயில் உடைக்காது, பாக்டீரியா தின்னாது. பீஃபாஸ் என்ற பொதுப்பெயரில் வழங்கும் ஆயிரக்கணக்கான இந்தச் சேர்மங்களை 'நிரந்தர வேதிப்பொருள்' என்று சொல்வது இதனால்தான். அவற்றில் பீஃபோவா, பீஃபோஸ் என்ற இரண்டும் அதிகம் ஆராயப்பட்டவை. மேற்கு வர்ஜீனியாவில் டுபாண்ட் ஆலைக் கழிவால் பாதிக்கப்பட்ட சுமார் 69,000 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு, பீஃபோவாவுக்கும் சிறுநீரகப் புற்றுநோய், விந்தகப் புற்றுநோய், தைராய்டு நோய் உள்ளிட்ட ஆறு நோய்களுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்றது. 2023 இறுதியில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பீஃபோவாவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது.

வர்ட்ஸ்மித் தளத்தில் இந்தக் கலப்பு இருப்பது மாநில அதிகாரிகளுக்கு 2010இலேயே தெரியும். 2012இல், தளத்துக்குத் தெற்கே உள்ள கிளார்க்ஸ் மார்ஷ் என்ற சதுப்பு நிலத்து மீனை உண்ணக்கூடாது என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு ராபர்ட் டெலேனி என்ற மாநிலச் சுற்றுச்சூழல் அதிகாரி, பீஃபாஸ் மிச்சிகன் முழுவதற்கும் ஆபத்து என்று விரிவான அறிக்கை எழுதி மேலிடத்துக்குக் கொடுத்தார். அது வருடக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. 2018இல் அந்தச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் வேட்டையாடிய ஒரு மானின் இறைச்சியில் நூறு கோடியில் 547 பங்கு பீஃபோஸ் இருந்தது. உண்ணக்கூடாது என்பதற்கான அளவே 300. சுற்றிலும் ஐந்து மைல் தூரத்துக்கு மான் இறைச்சி வேண்டாம் என்று அறிவிப்பு வந்தது. வேட்டையும் மீன்பிடிப்பும் உணவாகவும் பிழைப்பாகவும் இருக்கும் ஊர் அது. சுற்றுலாவுக்கு வருகிறவர் அறிவிப்பைப் படித்துவிட்டு வேறு ஏரிக்குப் போய்விடலாம். அங்கேயே வீடு கட்டியவர் எங்கே போவார்? ஊர்க்காரர்கள் 'நீட் அவர் வாட்டர்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கி, விமானப்படையின் கூட்டம் எங்கே நடந்தாலும் போய் உட்கார ஆரம்பித்தார்கள்.

விமானப்படை சுத்தம் செய்யவே மாட்டேன் என்று சொல்லவில்லை. எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது, யாருடைய சட்டப்படி என்பதில்தான் இழுபறி. மாநிலம் தன் வரம்பைச் சொல்லும், கூட்டாட்சி அமைப்பான எங்களை அது கட்டுப்படுத்தாது என்று படை சொல்லும். ஆய்வு நடக்கும், அறிக்கை வரும், மறுபடி ஆய்வு.

இந்த நேரத்தில், 2019 ஜனவரியில், கில்டீயும் பென்சில்வேனியாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் பிரையன் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் சேர்ந்து இரு கட்சி பீஃபாஸ் செயற்குழுவைத் தொடங்கினார்கள். ஃபிட்ஸ்பாட்ரிக் தொகுதியிலும் மூடப்பட்ட கடற்படைத் தளங்கள் நிலத்தடி நீரைக் கெடுத்திருந்தன. கட்சி வேறு, கிணறு ஒன்றுதான். அதற்கு முந்தின ஆண்டே இருவரும் விமானப் போக்குவரத்துச் சட்டத்தில் ஒரு வேலை செய்திருந்தார்கள். அதுவரை பொது விமான நிலையங்கள் ஃபுளோரின் கலந்த நுரையைத்தான் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வேறு மருந்து வாங்க நிலையம் விரும்பினாலும் முடியாது. மூன்று ஆண்டுக்குள் அந்தக் கட்டாயத்தை நீக்கு என்று 2018 சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். கெடு 2021 அக்டோபரில் முடிந்தது. ஃபுளோரின் இல்லாத நுரைக்கான இராணுவத் தர வரையறை வெளியானதோ 2023 ஜனவரியில். அதற்கு அப்புறம்தான் விமான நிலையங்கள் நிஜமாகவே மாற முடிந்தது. சட்டம் நிறைவேறுவது பாதி வேலைகூட இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அப்புறம் பெரிய வாய்ப்பு வந்தது: பாதுகாப்புத் துறையின் ஆண்டு ஒப்புதல் சட்டம். 1961 முதல் ஒரு வருடமும் தவறாமல் நிறைவேறும் மசோதா இது. படைவீரர் சம்பளம் இதில் இருப்பதால் யாரும் வீழ்த்தத் துணிவதில்லை. 2019இல் கில்டீயும் மற்ற பீஃபாஸ் உறுப்பினர்களும் தங்கள் கோரிக்கைகளை ஒவ்வொன்றாக இதற்குள் ஏற்றினார்கள். டிசம்பர் 20 அன்று கையெழுத்தான சட்டத்தில் வந்து சேர்ந்தவை சில்லறை விஷயங்கள் இல்லை. 2023 அக்டோபருக்குப் பிறகு படைகள் இந்த நுரையை வாங்கக் கூடாது. 2024 அக்டோபரோடு தளங்களில் பயன்பாடு நிற்க வேண்டும். பயிற்சிக்காக ஊற்றுவது அறவே கூடாது. பாதுகாப்புத் துறைத் தீயணைப்பு வீரர்களுக்கு ஆண்டுதோறும் செய்யும் உடல் பரிசோதனையில் இரத்தத்தில் பீஃபாஸ் அளவும் பார்க்க வேண்டும். மாநிலம் கேட்டால் படை அதனுடன் துப்புரவு ஒப்பந்தம் போட முன்வர வேண்டும், அதில் மாநில வரம்பு கடுமையாக இருந்தால் அதுவே பொருந்தும்.

இந்தக் கடைசிப் பிரிவு ஆஸ்கோடாவை மனதில் வைத்தது. 2021இல் விமானப்படை, கிளார்க்ஸ் மார்ஷிலும் வான் எட்டன் ஏரிக்கரையிலும் நச்சு நீரை வழிமறித்து வடிகட்டும் இடைக்கால வேலைகளுக்கு ஒப்புக்கொண்டது. ஊர்க்காரர்கள் கேட்டதில் அது ஒரு பகுதிதான், ஆனால் வெறும் ஆய்வு என்ற கட்டத்தைத் தாண்டிய ஓர் அடி அது.

வெட்டி எறியப்பட்ட பிரிவும் உண்டு. பீஃபாஸை 'அபாயப் பொருள்' என்று அறிவித்தால், கெடுத்தவரே செலவழித்துத் துப்புரவு செய்ய வேண்டும் என்ற பழைய நச்சுக்கழிவுச் சட்டம் பொருந்தும். மிச்சிகனின் டெபி டிங்கெலும் கில்டீயும் கொண்டுவந்த இந்தத் திருத்தம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டுடன் நடந்த கூட்டுக்குழுப் பேச்சில் காணாமல் போனது. அடுத்த மாதமே, 2020 ஜனவரியில், டிங்கெலின் தனி மசோதாவாக 247க்கு 159 என்று சபை நிறைவேற்றியது. செனட் எடுக்கவில்லை. 2021 ஜூலையில் மறுபடி 241க்கு 183. செனட் மறுபடியும் எடுக்கவில்லை. கடைசியில் 2024 ஏப்ரலில் சுற்றுச்சூழல் முகமை தன் அதிகாரத்திலேயே பீஃபோவாவையும் பீஃபோஸையும் அபாயப் பொருள் என்று அறிவித்தது. அதே மாதம் குடிநீரில் இவற்றுக்கு முதன்முறையாக நாடு தழுவிய வரம்பும் வந்தது: ஒரு லட்சம் கோடியில் நான்கு பங்கு. இருபது ஒலிம்பிக் நீச்சல்குளங்களில் ஒரு சொட்டு கலந்தால் வரும் அளவே ஒரு பங்குதான். அவ்வளவு சின்ன அளவைத்தான் அறிவியல் ஆபத்து என்கிறது.

இதில் எதையும் வெற்றி என்று முடித்துவிட முடியாது. நுரைப் பயன்பாட்டை நிறுத்தும் கெடுவை ஓராண்டு வீதம் இரண்டு முறை தள்ளிப்போட சட்டமே இடம் கொடுத்திருந்தது, பாதுகாப்புத் துறை 2024இல் முதல் சலுகையை எடுத்துக்கொண்டது. குடிநீர் வரம்பை நிறைவேற்ற 2029 வரை இருந்த அவகாசத்தை 2031 வரை நீட்டப்போவதாக 2025 மே மாதம் முகமை அறிவித்தது. இருந்தாலும் நீருக்கு ஒரு எண் கிடைத்திருக்கிறது, தீயணைப்பு வீரருக்கு ஒரு தேதி கிடைத்திருக்கிறது. தள்ளிப்போனாலும் அவற்றைக் காட்டி வழக்குப் போடலாம், கேள்வி கேட்கலாம்.

படைவீரருக்கு என்ன கிடைத்தது?

இங்கேதான் எனக்கு இந்தக் கதை உறுத்துகிறது. 2019 ஏப்ரலில் கில்டீ ஒரு தனி மசோதா கொண்டுவந்தார். பீஃபாஸ் கலந்த தளத்தில் பணியாற்றிய வீரருக்கும் அங்கே வாழ்ந்த அவர் குடும்பத்துக்கும், குறிப்பிட்ட நோய்கள் வந்தால் அவை பணியால் வந்தவை என்றே எடுத்துக்கொண்டு சிகிச்சையும் உதவித்தொகையும் தர வேண்டும் என்பது அதன் சாரம். அந்த அவைக்காலத்தில் நடக்கவில்லை. மறுபடி கொண்டுவந்தார். மறுபடியும் நடக்கவில்லை.

இதன் எடையைப் புரிந்துகொள்ள வடகரோலினாவின் லெஜூன் கடற்படைவீரர் முகாமைப் பார்க்க வேண்டும். 1953 முதல் 1987 வரை அங்கே குடிநீரில் துணி வெளுக்கும் கரைப்பானும் உலோகம் துடைக்கும் கரைப்பானும் பென்சீனும் கலந்திருந்தன. ஜெர்ரி என்ஸ்மிங்கர் என்ற படைவீரரின் மகள் ஜேனி, 1985இல் ஒன்பது வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். தண்ணீர் கெட்டிருந்த விஷயமே 1997இல் தொலைக்காட்சிச் செய்தியில்தான் தகப்பனுக்குத் தெரிய வந்தது. அப்புறம் இருபத்தைந்து ஆண்டு காங்கிரஸ் குழுக்களின் முன் அவர் ஏறி இறங்கினார். 2012இல் சிகிச்சைக்கு ஒரு சட்டம், 2017இல் எட்டு நோய்களுக்கு உதவித்தொகை, 2022இல்தான் இழப்பீடு கேட்டு வழக்குப் போடும் உரிமை.

ஏன் இவ்வளவு காலம்? இரண்டு பூட்டுகள் இருந்தன. பணியின்போது ஏற்பட்ட பாதிப்புக்காக ராணுவத்தினர் அரசின் மீது வழக்குப் போட முடியாது என்று 1950இல் ஃபெரஸ் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்து, கெடுதல் நடந்து பத்து ஆண்டுக்கு மேல் ஆனால் வழக்கே கிடையாது என்ற வடகரோலினா சட்டம். நீர் கெட்டதே தெரியாதவர் பத்து ஆண்டுக்குள் எப்படி வழக்குப் போடுவார்? நாடாளுமன்றம் திறந்தால் ஒழிய திறக்காத பூட்டுகள் இவை. 2022 ஜூலை கடைசியில், நச்சுப் பாதிப்புக்கான பெரிய படைவீரர் சட்டம் செனட்டில் கடைசி நேரத்தில் தடைப்பட்டபோது முன்னாள் வீரர்கள் நாடாளுமன்றப் படிகளிலேயே இரவு பகலாக உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 2 அன்று 86க்கு 11 என்று நிறைவேறியது. முகாம்களில் கழிவை எரித்த குழிகளின் புகை, வியட்நாமில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் களைக்கொல்லி, லெஜூன் வழக்குரிமை எல்லாம் அதில் இருந்தன. லெஜூன் கோரிக்கைகள் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேல் கடற்படையிடம் வந்து குவிந்தன.

பீஃபாஸுக்கும் வர்ட்ஸ்மித்துக்கும் அதில் இடம் கிடைக்கவில்லை. வர்ட்ஸ்மித்தில் நுரை மட்டுமில்லை, லெஜூனில் இருந்த அதே உலோகம் துடைக்கும் கரைப்பான் அங்கேயும் குடிநீர்க் கிணறுகளில் 1977இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே நஞ்சைக் குடித்த இரண்டு முகாம்களில் ஒன்றுக்குச் சட்டம், மற்றொன்றுக்கு விண்ணப்பப் படிவம். எண்ணிக்கை பெரிதாக இருந்ததும் விடாமல் நின்ற ஒரு தகப்பன் இருந்ததும்தான் அந்த வித்தியாசத்தை உண்டாக்கின என்று எனக்குப் படுகிறது. நியாயம் அப்படிக் கிடைக்கக்கூடாது. படைவீரர் என்ன காற்றைச் சுவாசிப்பது, எந்தக் குழாயில் குடிப்பது என்று தேர்ந்தெடுக்கும் வசதி அவருக்கு இல்லை. உத்தரவு போட்ட இடத்தில் இருந்தார். அதற்கான பொறுப்பை உத்தரவு போட்ட அரசுதான் ஏற்க வேண்டும்.

செலவுதான் காரணம் என்பார்கள். அது உண்மையும்கூட. நுரையை மாற்றுவதற்கு ஒருமுறை செலவு. நீரை வடிகட்டும் செலவு நகராட்சி, மாநிலம், நிறுவனம் என்று பலர் தலையில் பிரியும். உதவித்தொகை என்றால் ஒருவரின் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு மனைவிக்கும். அறிந்த வரையிலேயே நூற்றுக்கணக்கான தளங்களில் இந்த நுரையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதால், பீஃபாஸுக்குக் கதவைத் திறந்தால் எத்தனை லட்சம் பேர் வருவார்கள் என்ற பயம் நிதிக்குழுவில் இருப்பது இயல்பு. ஆனால் அந்தக் கணக்கு இப்போதும் யாரோ ஒருவர் செலுத்திக்கொண்டிருக்கும் கணக்குதான். அரசு செலுத்தாததை வீரரின் குடும்பம் செலுத்துகிறது.

கில்டீ 2023இல் டான்சில் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டார், அந்த ஆண்டு இறுதியில் இனிப் போட்டியிடவில்லை என்று அறிவித்து 2025 ஜனவரியில் விலகினார். அதற்கு முன்பே தொகுதி எல்லை மாறி ஆஸ்கோடா வேறு தொகுதிக்குப் போய்விட்டது. படைவீரர் மசோதா அவர் வெளியேறும் வரை சட்டமாகவில்லை. 2024 செப்டம்பரில் படைவீரர் நலத்துறை, பீஃபாஸுக்கும் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பரிசீலிக்கப் போவதாக அறிவித்தது. ஒரு நோய்க்கு மட்டும், அதுவும் பரிசீலனை மட்டும்.

அதுவரை ஒரு வர்ட்ஸ்மித் வீரர் உதவி கேட்டால் மூன்றைக் காட்ட வேண்டும். இன்று நோய் இருக்கிறது, பணியில் இருந்தபோது அந்த நஞ்சு பட்டது, நோய் அதனால் வந்திருப்பதற்கு ஐம்பது சதவீதமாவது வாய்ப்பு உண்டு என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும். முதலாவது மருத்துவமனைச் சீட்டில் இருக்கும். மற்ற இரண்டும் மலை. பீஃபோஸ் இரத்தத்தில் பாதியாகக் குறையச் சில ஆண்டுகள் ஆகும், தளம் மூடியோ முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தால் அன்று எவ்வளவு இருந்தது என்று தெரியாது, இருப்பதும் நுரையில் வந்ததா சமையல் பாத்திரத்தில் வந்ததா என்று பிரிக்க முடியாது. கில்டீயும் சகாக்களும் ஏற்றிய பிரிவின்படி இரத்தப் பரிசோதனை 2020 அக்டோபரில் தொடங்கியது. அதற்குப் பிறகு பணியில் இருக்கும் தீயணைப்பு வீரருக்கு ஆண்டுக்கு ஆண்டு ஒரு பதிவு சேர்கிறது, நாளை நோய் வந்தால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். அதற்கு முன் அதே நுரையில் முழங்கால் வரை நின்று பயிற்சி எடுத்தவருக்கு அப்படி ஒரு தாள்கூடக் கிடையாது. நிரூபிக்கும் பொறுப்பை அவர் தலையிலிருந்து எடுத்து அரசின் தலையில் வைப்பதுதான் நிறைவேறாத அந்த மசோதா கேட்டது.